முன்பக்கம் இடிபட்டு சரி செய்த வண்டி: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

நிழல்சாலை | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். மூன்று நாளாக ஒரு முடிவுக்கு வர முடியாமல் தவிக்கிறேன். இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

ஆறு வருட ஹேட்ச்பேக், 62,000 கிலோமீட்டர் ஓடியது. உரிமையாளரே விற்கிறார், நடுவில் தரகர் யாரும் இல்லை. இதே மாடல், இதே வயது வண்டிகளுக்கு மற்றவர்கள் கேட்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் கேட்கிறார். ஏன் என்று நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவரே சொல்லிவிட்டார். ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு இரவில் சாலை நடுத்தடுப்பில் இடது முன்பக்கம் மோதியிருக்கிறது. காப்பீட்டில் சரி செய்து, அதற்கப்புறம் 14,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார்.

காலையில் பார்த்தபோது எதுவும் தெரியவில்லை. மாலையில் வெயில் சாய்ந்து விழுந்தபோதுதான் இடது ஃபென்டரும் (முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு) அதை ஒட்டிய கதவும் ஒரே நிறம் இல்லை என்று தெரிந்தது. ஓட்டிப் பார்த்தேன். நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கை லேசாக விட்டால் வண்டி மெல்ல இடது பக்கம் ஒதுங்குகிறது. "டயர் தேய்ந்திருக்கு, அலைன்மென்ட் செய்தால் சரியாகிவிடும்" என்கிறார்.

மனைவிக்கு வண்டி பிடித்துவிட்டது. அப்பா, "அடிபட்ட வண்டியை வாசலுக்குக் கொண்டுவராதே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள் உட்காரப்போகிறார்கள். மிச்சமாகும் பணத்துக்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் மனமில்லை, வெறும் பயத்தில் நல்ல வண்டியைக் கைவிடவும் மனமில்லை. எதைப் பார்த்து முடிவெடுப்பது?

மூன்றாம்கண் | ஞாயிறு, இரவு 9.58

அப்பா சொல்வதைக் கேளுங்கள். அடிபடாத வண்டிக்கா பஞ்சம்?

பட்டறைக்காரன் | ஞாயிறு, இரவு 11.15

தம்பி, நான் 22 வருடமாக டிங்கரிங் வேலை செய்கிறேன். அடிபட்ட வண்டி எல்லாமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் நான் இதுவரை செய்த வேலைக்கே அர்த்தம் இல்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வண்டிக்குத் தோலும் உண்டு, எலும்பும் உண்டு. பம்பர், ஃபென்டர், பானெட், ஹெட்லைட் இதெல்லாம் தோல். போல்ட்டைக் கழற்றிப் புதிதாக மாட்டினால் வேலை முடிந்தது. பானெட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் சைடு மெம்பர், அதற்கு மேலே இருக்கும் ஏப்ரன், கதவுகளுக்கு நடுவில் நிற்கும் பில்லர், காலுக்கு அடியில் இருக்கும் தரைத் தகடு இதெல்லாம் எலும்பு. அடி எதில் பட்டது என்பதுதான் முதல் கேள்வி.

எலும்பு ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். முன்பக்கம் நசுங்க வேண்டும் என்றே செய்யப்பட்டது. மெர்சிடஸில் இருந்த பெலா பரேனி என்ற பொறியாளர் 1951 இல் காப்புரிமை கேட்ட யோசனை அது. 1959 இல் விற்பனைக்கு வந்த காரிலேயே அது வந்துவிட்டது. மோதலின் வேகத்தை முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்கி வாங்கிக்கொள்ளும், ஆட்கள் உட்காரும் கூடு நசுங்காமல் நிற்கும். சைடு மெம்பரில் அங்கங்கே சின்னப் பள்ளமும் மடிப்பும் வைத்திருப்பார்கள். அந்த இடத்தில்தான் மடங்க வேண்டும் என்ற கணக்கு அது. ஒரு தடவை மடங்கியதை இழுத்து நிமிர்த்தினால் பார்க்க நேராக இருக்கும். அடுத்த தடவை எங்கே மடங்கும் என்று எனக்கும் தெரியாது, அதைச் செய்தவனுக்கும் தெரியாது.

பில்லர் மாதிரி இடங்களில் இப்போது வருவது சாதாரண இரும்பு இல்லை. சூட்டில் அழுத்தி உடனே குளிரவைத்துக் கடினமாக்கிய போரான் எஃகு. அதில் கேஸ் விளக்கைக் காட்டி நிமிர்த்தினால் அந்த வலு அங்கேயே போய்விடும். மாற்றலாம், நிமிர்த்தக் கூடாது.

உங்கள் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. டயராலும் இருக்கலாம். ஆனால் இடது பக்கம் அடிபட்ட வண்டி இடது பக்கமே இழுத்தால், டயர் என்று சொல்லி நான் விட்டுவிட மாட்டேன்.

கணக்குநோட்டு | திங்கள், காலை 7.20

இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். ஜார்ஜ் அகர்லோஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970 இல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்கு வண்டியைப் பற்றி எல்லாம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டியையும் சந்தேகப்பட்டு விலையைக் குறைக்கிறார். அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்காமல் ஒதுங்கிவிடுகிறார், சந்தையில் மோசமானவை மிஞ்சுகின்றன. 2001 இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அடித்தளம் இந்த ஆய்வுதான்.

அப்படிப்பட்ட சந்தையில் உங்கள் ஆள் தானாக முன்வந்து "அடிபட்டது" என்று சொல்லியிருக்கிறார். அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. ஆனால் வாயால் சொன்னது போதாது. அவரிடம் மூன்றைக் கேளுங்கள்: பழுது பார்ப்பதற்கு முன் எடுத்த படங்கள், பட்டறை கொடுத்த முழு பில், காப்பீட்டு நிறுவனத்தின் சேத மதிப்பீடு. காப்பீட்டில் செய்திருந்தால் இவை இல்லாமல் இருக்காது. சரி செய்தபின் எடுத்த படம் எதற்கும் உதவாது, எல்லா வண்டியும் அதில் புதிது மாதிரித்தான் இருக்கும்.

விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதை லாபமாக எண்ணாதீர்கள். நீங்கள் விற்கும்போது உங்களிடமும் இதே கேள்வி வரும், நீங்களும் அவ்வளவு குறைக்க வேண்டியிருக்கும். ரொம்ப வருடம் வைத்துக்கொண்டு ஓட்டித் தேய்ப்பவருக்குத்தான் இந்தக் கணக்கு ஒத்துவரும். மூன்று வருடத்தில் மாற்றுகிறவருக்கு ஒத்துவராது.

வெயில்மழை | திங்கள், பகல் 1.05

நான் ஒரு வண்டியில் ஏமாந்தவள். அதைச் சொல்லாமல் இந்த இழையைக் கடந்துபோக முடியவில்லை.

நான்கு வருடத்துக்கு முன் பழைய கார் விற்கும் ஒரு நிறுவனத்தில் வாங்கினேன். "சின்ன டச்சப் மட்டும்தான்" என்றார்கள். சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரிந்தது, சில நொடியில் அணைந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று படித்திருந்ததால் நிம்மதியாக இருந்துவிட்டேன். பதினோரு மாதம் கழித்து ஏசி கசிவு என்று டேஷ்போர்டைக் கழற்றினார்கள். மெக்கானிக் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்து இருக்கைக்கு எதிரே ஏர்பேக் இருக்க வேண்டிய பெட்டி காலி. உள்ளே மடித்துத் திணித்த ஒரு துணி. ஏர்பேக்குக்குப் போகும் கனெக்டரில் தீக்குச்சித் தலை அளவுக்கு ஒரு ரெசிஸ்டரைச் சொருகியிருந்தார்கள். அது இருந்தால் பை இருப்பதாகவே வண்டி நினைத்துக்கொள்ளுமாம். விளக்கும் ஒழுங்காக எரிந்து அணையும்.

அந்தப் பதினோரு மாதமும் அந்த இருக்கையில் உட்கார்ந்து வந்தவர் என் அம்மா. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அதனால் விளக்கை மட்டும் நம்பாதீர்கள். விளக்கு எரியவே இல்லை என்றாலோ, அணையாமல் நின்றாலோ உடனே சந்தேகப்படுங்கள். ஆனால் ஒழுங்காக எரிந்து அணைந்தால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. டேஷ்போர்டில் ஏர்பேக் மூடியைத் தடவிப் பாருங்கள். என் வண்டியில் அந்த இடம் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் வழவழப்பாக இருந்தது. பதினோரு மாதம் தினமும் பார்த்தும் என் கண்ணில் அது படவில்லை. முன் இருக்கை சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து அடியில் தைத்திருக்கும் லேபிளில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். வேகமான மோதலில் பெல்ட்டை இறுக்கும் பாகம் ஒரு தடவைதான் வேலை செய்யும், பிறகு மாற்றியே ஆக வேண்டும். வண்டியைவிடப் பெல்ட் புதிது என்றால் ஏதோ நடந்திருக்கிறது, முறையாக மாற்றியும் இருக்கிறார்கள். ஏர்பேக் வெடித்தது என்று தெரிந்தும் பெல்ட் பழையதாகவே இருந்தால் அதுதான் பயப்பட வேண்டியது.

நிழல்சாலை | திங்கள், இரவு 8.30

வெயில்மழை அக்கா, படித்துவிட்டு மனைவியிடம் காட்டினேன். இருவரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. சொன்னதற்கு நன்றி.

அவரிடம் கேட்டேன். ஏர்பேக் வெடிக்கவில்லை என்கிறார். பில் இருக்கிறதாம், தேடித் தருகிறேன் என்றார். நண்பர் ஒருவரிடம் பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் இருக்கிறது, நாளை வாங்கிக்கொண்டு போகிறேன். எவ்வளவு காட்ட வேண்டும்?

பட்டறைக்காரன் | திங்கள், இரவு 10.10

கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரைக்கும் இருக்கும். வண்டிக்கு வண்டி மாறும். அதனால் முதலில் கூரையில் வைத்துப் பாருங்கள். கூரையில் யாரும் காரணமில்லாமல் பெயின்ட் அடிக்க மாட்டார்கள். அங்கே வரும் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மற்ற இடத்தை அதோடு ஒப்பிடுங்கள். 200, 300 என்றால் மறுபடி அடித்திருக்கிறார்கள். அது தப்பில்லை, கீறலுக்குக்கூட அடிப்பார்கள். 800, 1000 தாண்டினால் அடியில் பள்ளத்தை நிரப்பப் பட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தகட்டிலும் ஏழெட்டு இடத்தில் வையுங்கள், நடுவில் மட்டும் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். தகடு அலுமினியம் என்றால் எல்லா மீட்டரும் அளக்காது. காந்தமும் ஒட்டாது, அதைப் பட்டி என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று. மாற்றிய ஃபென்டரில் மீட்டர் ஒழுங்கான எண்ணையே காட்டும், புதுத் தகடு ஆயிற்றே. அதனால் பானெட்டைத் திறந்து, ஃபென்டரைப் பிடித்திருக்கும் போல்ட் தலைகளைப் பாருங்கள். கம்பெனியில் தகட்டையும் போல்ட்டையும் சேர்த்துப் பெயின்ட் அடித்திருந்தால் ஸ்பேனர் போட்டதும் விளிம்பில் பெயின்ட் உரிந்து கோடு விழுந்திருக்கும். வலது பக்கத்தையும் பார்த்து ஒப்பிடுங்கள். அப்புறம் ஏப்ரன் ஓரத்தில் கம்பெனி வெல்டிங் இருக்கும். சின்ன வட்டப் பள்ளமாக, ஒரே இடைவெளியில் வரிசையாகப் போகும். இடது பக்கம் அந்த வட்டம் காணவில்லை, இடைவெளி ஏறுக்குமாறாக இருக்கிறது, அரைத்து மழுக்கியிருக்கிறது என்றால் அந்தத் தகடு கைக்கு வந்து போயிருக்கிறது. இணைப்பில் பூசியிருக்கும் சீலன்ட்டையும் விரலால் தடவுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

இதெல்லாம் எட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஆனால் அடியில் போய்ப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மூன்றாம்கண் | திங்கள், இரவு 10.25

இவ்வளவு பாடுபட்டு ஒரு அடிபட்ட வண்டியை வாங்க வேண்டுமா என்றுதான் கேட்கிறேன். நல்ல வண்டிக்கு இந்தச் சோதனை எதுவும் தேவையில்லையே.

பட்டறைக்காரன் | திங்கள், இரவு 10.41

நண்பரே, "நல்ல வண்டி" என்று விற்கிறவனிடம்தான் இந்தச் சோதனையை முதலில் செய்ய வேண்டும். வெயில்மழைக்கு விற்றவர்களும் சின்ன டச்சப் என்றுதானே சொன்னார்கள்.

பத்துமணிபஸ் | செவ்வாய், காலை 6.50

என் அனுபவம் நேர்மாறு, அதையும் பதிவு செய்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன் பின்பக்கம் அடிபட்ட வண்டி ஒன்றை வாங்கினேன். டிக்கி கதவு, பின் பம்பர், ஒரு விளக்கு, இவை மூன்றும் மாற்றியிருந்தார்கள். விற்றவர் பில்லோடு 23 படம் கொடுத்தார். பம்பரைக் கழற்றிவிட்டு எடுத்த படம் ஒன்று அதில் இருந்தது. ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அந்த ஒரு படத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன். இன்றுவரை 90,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன், ஒரு சத்தம் இல்லை, துரு இல்லை, டயர் சீராகத் தேய்கிறது.

பின்னால் அடிபட்ட வண்டி என்றால் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தைப் பாருங்கள். தகடு மடங்கியிருந்தால் அங்கே மறைப்பது கஷ்டம்.

ஈரமண் | செவ்வாய், காலை 9.15

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியையும் இதே மாதிரி சோதிக்கலாமா? எனக்கும் ஒன்று வந்திருக்கிறது, உள்ளே கார்ப்பெட்டெல்லாம் புதிது.

பட்டறைக்காரன் | செவ்வாய், காலை 9.40

பழைய வண்டியில் கார்ப்பெட் புதிதா? வேண்டாம், விட்டுவிடுங்கள். இடித்த வண்டியில் பாதிப்பு ஒரு இடத்தில் இருக்கும், தேடினால் கண்டுபிடித்துவிடலாம். மூழ்கிய வண்டியில் வயர் இணைப்பு ஒவ்வொன்றிலும் இருக்கும். இன்றைக்கு ஓடும், எட்டு மாதம் கழித்து ஒவ்வொரு சென்சாராகப் போகும். சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துருவும், பெல்ட்டை முழுக்க இழுத்தால் கடைசி முழத்தில் சேற்றுக் கறையும் இருக்கிறதா என்று பாருங்கள். கூடுதலாகப் பேச வேண்டுமென்றால் தனி இழை போடுங்கள், தம்பியின் வண்டி இதில் மறைந்துவிடும்.

கணக்குநோட்டு | செவ்வாய், பகல் 12.30

பழுதுபார்த்த முறை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஒரு தம்பதி 2013 இல் பழைய ஹோண்டா ஃபிட் ஒன்றை வாங்கினார்கள், 2010 மாடல். முந்தைய உரிமையாளர் வைத்திருந்தபோது ஆலங்கட்டி மழையில் கூரை அடிவாங்கி மாற்றப்பட்டிருந்தது. அது வாங்கியவர்களுக்குத் தெரியாது. தயாரிப்பாளரின் முறைப்படி கூரையை வெல்டிங் செய்ய வேண்டும். பட்டறை பசை போட்டு ஒட்டியிருந்தது. அதே வருட டிசம்பரில் எதிரே வந்த வண்டியோடு மோதல். கூடு தாங்க வேண்டிய இடத்தில் தாங்கவில்லை, இருவரும் உள்ளே சிக்கிக்கொண்டார்கள், வண்டி தீப்பற்றியது. பலத்த காயங்களோடு உயிர் பிழைத்தார்கள். 2017 இல் டாலஸில் ஜூரி அந்தப் பட்டறை மூன்று கோடி டாலருக்கும் மேல் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

ஆலங்கட்டி மழை என்றால் யாரும் "அடிபட்ட வண்டி" என்று சொல்லவே மாட்டோம். ஆகவே அடி எவ்வளவு பெரியது என்பது பாதிக் கேள்விதான். அதை யார், எந்த முறையில் சரி செய்தார்கள் என்பது மீதிக் கேள்வி.

பிரிட்டனில் 2017 அக்டோபரிலிருந்து, காப்பீட்டு நிறுவனம் கைவிட்டாலும் சரி செய்து ஓட்டக்கூடிய வண்டிகளை இரண்டாகப் பிரிக்கிறார்கள்: கட்டமைப்பில் அடிபட்டவை 'S' பிரிவு, மற்றவை 'N' பிரிவு. அதற்கு முன் பிரிவுகள் சரி செய்யும் செலவை வைத்து இருந்தன. பட்டறைக்கார அண்ணன் தோல், எலும்பு என்று சொன்னதும் இதுதான்.

நிழல்சாலை | புதன், இரவு 9.20

நேற்று மீட்டரோடு போனேன். கூரை 118. வலது பக்கம் முழுவதும் 110க்கும் 130க்கும் நடுவில். இடது முன்கதவு 240, இடது ஃபென்டர் 135. போல்ட் தலைகளில் பெயின்ட் உரிந்திருக்கிறது. ஆக ஃபென்டர் புதிது, கதவில் நிறத்துக்காக அடித்திருக்கிறார்கள். பட்டி எங்கும் இல்லை. ஸ்கேனர் போட்டோம், ஏர்பேக் யூனிட்டில் மோதல் பதிவு எதுவும் இல்லை. பெல்ட் தேதியும் வண்டியின் வயதோடு ஒத்துப்போகிறது. அதுவரை மனசு லேசாக இருந்தது.

பில் கிடைத்தது. பம்பர், ஹெட்லைட், ஃபென்டர், ரேடியேட்டர் சப்போர்ட், இடது வீல், டயர் என்று வரிசையாகப் போகிறது. கடைசிக்கு முந்தைய வரியில் "இடது சைடு மெம்பர் புல்லிங்" என்று ஒரு கூலி, அதாவது மெம்பரை இழுத்து நிமிர்த்தியதற்கு. படங்களைப் பட்டறையில் கேட்டு வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார். பாவம், அந்த வரியின் அர்த்தம் அவருக்கே தெரியவில்லை. நான்தான் விளக்க வேண்டியிருந்தது.

இன்று அலைன்மென்ட் போட்டோம். காஸ்டர், அதாவது ஸ்டீயரிங் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம், வலது 4.6 டிகிரி, இடது 3.5. கேம்பர், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம், இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை அளந்தால் இடது பக்கம் 9 மில்லிமீட்டர் குட்டை. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

பட்டறைக்காரன் | புதன், இரவு 10.05

தம்பி, நன்றாக அளந்திருக்கிறீர்கள். காஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். உங்களுக்கு இடது குறைவு, இடதில் இழுக்கிறது. சக்கரமும் அந்தப் பக்கம் பின்னால் தள்ளியிருக்கிறது. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது. தடுப்பில் மோதியபோது சக்கரமே அடியை வாங்கியிருக்கிறது. பில்லில் வீலும் டயரும் மாற்றியிருக்கிறார்களே, சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் லோயர் ஆர்மை மாற்றியிருக்கிறார்களா? நீங்கள் எழுதியதில் இல்லை.

இரண்டு சாத்தியம். ஆர்ம் மட்டும் வளைந்திருந்தால் கவலையில்லை, கழற்றி மாட்டும் சாமான்தான். ஆர்ம் பிடித்திருக்கும் இடமே, அதாவது ஆர்மைத் தாங்கும் அடிச் சட்டமான சப்ஃபிரேமோ அது தொங்கும் சைடு மெம்பரோ பின்னால் போயிருந்தால் அது எலும்பு. எந்த அலைன்மென்ட்டாலும் தீராது. பெரும்பாலான வண்டிகளில் காஸ்டரைத் திருகித் திருத்தவே முடியாது.

பிரித்துப் பார்க்க ஒரே வழி, ஆர்மை மாற்றிவிட்டு மறுபடி அளப்பது. அவர் ஒத்துக்கொள்வாரா?

வெயில்மழை | புதன், இரவு 10.30

அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதுவே உங்களுக்குப் பதில்.

பத்துமணிபஸ் | வியாழன், காலை 7.10

விற்பவர் செலவில் செய்யச் சொல்லுங்கள். சரியாகிவிட்டால் கேட்ட விலையிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்று வாக்கு கொடுங்கள். இரண்டு பேருக்கும் நியாயம்.

நிழல்சாலை | சனி, இரவு 8.45

ஒத்துக்கொண்டார். நான் எதிர்பார்க்கவே இல்லை. "இதில்தான் என் பெண்ணைப் பள்ளியில் கொண்டுவிடுகிறேன், எனக்கும் தெரிய வேண்டும்" என்றார். பில்லில் லோயர் ஆர்ம் இல்லவே இல்லை. புது ஆர்ம் வாங்கி வந்தார். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் பட்டறையில் வைத்து இன்று வேலை நடந்தது.

கழற்றிய ஆர்மைத் தரையில் புதியதன் பக்கத்தில் வைத்தார்கள். லேசாக வளைந்திருந்தது, பக்கத்தில் புதியது இருந்ததால்தான் தெரிந்தது. எல்லோருக்கும் ஒரு நிம்மதி, இதுதான் காரணம் என்று. மாட்டி, அலைன்மென்ட் போட்டோம். இடது காஸ்டர் 3.5லிருந்து 3.8க்கு ஏறியது. 9 மில்லிமீட்டர் 7 ஆனது. அதோடு நின்றுவிட்டது.

பெரியவர் சப்ஃபிரேம் போல்ட்டைத் தளர்த்தி அதை நடுவில் வைக்கப் பார்த்தார். அதிகம் நகரவில்லை. அப்புறம் தூக்குக்குண்டை எடுத்தார். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, அடியில் கம்பெனி விட்டிருக்கும் துளைகள் ஒவ்வொன்றிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடி நிற்கும்வரை காத்திருந்து, முனை தொட்ட இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்தார். பிறகு வண்டியைத் தள்ளிவிட்டு வெறும் தரையில் இருந்த புள்ளிகளை நாடாவால் குறுக்கும் மறுக்குமாக அளந்தார். பின்பக்கப் புள்ளிகளில் இரண்டு குறுக்களவும் ஒன்று. முன்பக்கத்தில் ஒன்றுக்கொன்று 11 மில்லிமீட்டர் வித்தியாசம்.

கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு சைடு மெம்பரின் உள்பக்கத்தைக் காட்டினார். வெளிப்பக்கம் வழவழப்பாகப் பெயின்ட் அடித்திருந்தது. உள்பக்கம், இன்ஜினை நோக்கிய பக்கம், விரல் நுழையும் இடத்தில் மட்டும் ஒரு மடிப்பு அப்படியே இருந்தது. தடவினேன். காகிதத்தை மடித்துவிட்டு நீவினால் இருக்குமே, அப்படி இருந்தது.

பட்டறைக்காரன் | சனி, இரவு 9.30

அந்தப் பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தூக்குக்குண்டு வைத்து அளக்கிற ஆள் இப்போது குறைந்துவிட்டார்கள்.

குறுக்களவில் 3 மில்லிமீட்டர் வரை வித்தியாசத்தைத் தொழிலில் ஏற்றுக்கொள்வோம். 11 என்றால் எலும்பு நகர்ந்திருக்கிறது. முதலில் செய்தவர்கள் பெஞ்சில், அதாவது வண்டியைப் பூட்டி அளக்கும் மேடையில், ஏற்றி அளந்து இழுக்கவில்லை, ஃபென்டர் உட்காருகிற அளவுக்கு இழுத்துவிட்டுப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். ஃபென்டர் இடைவெளி சரியாக வந்துவிட்டால் பார்க்கிறவருக்கு வண்டி சரி. அதைச் செய்தவனும் என் தொழில்காரன்தான் என்று நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

முறையாகச் செய்வதென்றால் அந்த மெம்பரை வெட்டி எடுத்து, தயாரிப்பாளர் சொன்ன இடத்தில் புதியதை வெல்டிங் செய்து, பெஞ்சில் அளந்து காட்ட வேண்டும். செய்யலாம். ஆனால் அந்தச் செலவைப் போட்டால் உங்களுக்குக் குறைத்த ஐந்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும், அதற்கப்புறமும் அது வெட்டி ஒட்டிய வண்டி என்றுதான் பெயர். பிள்ளைகள் இருக்கிற வீடு. என் முடிவு, வேண்டாம்.

மூன்றாம்கண் | சனி, இரவு 9.44

நான் முதலில் சொன்னதுதான் என்றாலும், இப்படித் தெரிந்து வேண்டாம் என்பதும் நான் சொன்ன வேண்டாமும் ஒன்றில்லை. பத்துமணிபஸ் வண்டியாக இருந்திருந்தால் என் பேச்சைக் கேட்டு நீங்கள் நல்ல வண்டியை விட்டிருப்பீர்கள்.

கணக்குநோட்டு | சனி, இரவு 10.02

விற்பவர் என்ன சொன்னார்? ஆர்ம் செலவு அவருடையதாயிற்றே.

நிழல்சாலை | ஞாயிறு, காலை 8.15

எடுக்கவில்லை. நேற்று இரவே அவருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். ஆர்ம் செலவில் பாதி தருகிறேன் என்றேன், வாங்க மறுத்துவிட்டார்.

அவருக்கு எந்தக் கோபமும் இல்லை. அதனால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒன்றரை வருடம் அந்த வண்டியில் குடும்பத்தோடு போயிருக்கிறார், எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பி. நாளை பில்லையும் அளவுத் தாளையும் எடுத்துக்கொண்டு முதலில் சரி செய்த பட்டறைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் போகிறாராம். வேலை சரியில்லை என்று எழுதிக் கொடுக்கப் பெரியவர் சம்மதித்திருக்கிறார். நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அலைன்மென்ட் தாள் இரண்டையும், புள்ளிகளை அளந்து பெரியவர் பென்சிலில் எழுதிய காகிதத்தையும் வண்டியின் டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்துவிட்டாராம். "இதைச் சரி செய்யாமல் யாருக்கும் விற்க மாட்டேன். விற்றாலும் இந்தக் காகிதம் வண்டியோடு போகும்" என்றார்.

வேறு வண்டி பார்க்கிறேன். மீட்டரை நண்பர் இன்னும் ஒரு மாதம் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.